கூட்டல் குறி

பாட்டி யாரைப் பற்றியும் தானாகச் சொல்ல மாட்டார். கேட்டால் சொல்வார். அதுவும் கேட்ட அளவுக்கு மட்டும்தான்.

"மூணாவது லயத்துல யாரெல்லாம் இருந்தாங்க பாட்டி?" என்றால், "மொதக் கதவு கிராணி வூட்டுல சமைக்கிறவன். ரெண்டாவது நாங்க. மூணாவது ஆயாக்கொட்டாக் கெழவி" என்று எட்டுக் கதவையும் வரிசையாகச் சொல்லி நிறுத்திவிடுவார். அந்தக் கிழவிக்கு எத்தனை பிள்ளைகள் என்று தெரிய வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்பது அதற்கடுத்த கேள்வி. கேட்காத கதவு மூடியே இருக்கும்.

எங்கள் ஊர் கோலா கெத்தில். பாலிங் பக்கமிருந்து வரும் கெத்தில் ஆறு மூடா ஆற்றோடு சேரும் இடம். கோலா என்றால் மலாயில் ஆறு போய்ச் சேரும் வாய். சுற்றிலும் ஒரு காலத்தில் பால்மரத் தோட்டங்கள். இப்போது பெரும்பாலும் செம்பனை. நான் பிறந்த லயம் இன்று இல்லை. அதை இடித்த பிறகு சடக்கோரத்துத் தாமான் வீட்டுக்கு வந்தோம். பாட்டியும் வந்தார். ஆனால் அவருடைய தலைக்குள் லயம் இருந்தது. யாரையும் அவர் பெயரிலிருந்து நினைவுகூர மாட்டார். டிவிசன், லயம், கதவு, ஆள் என்று இறங்கி வந்துதான் பெயரை எடுப்பார்.

2008இல் நான் பினாங்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தீபாவளிக்கு வந்தபோது அப்பா, "கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, நம்ம வம்சத்த எழுதி வையேன்" என்றார். அப்பா கேட்டது ஒரு தாளில் எழுதுவதை. நான் நிரலே எழுதத் தொடங்கினேன். அப்போதைய கணினிகளில் கோப்புறைகளைத் திறக்கும்போது இடப்பக்கம் ஒரு மரம் தெரிந்ததே, ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் சின்னக் கூட்டல் குறியோடு, அதே மாதிரி. பாட்டியின் அப்பா உச்சியில். கூட்டலை அழுத்தினால் பாட்டியும் பாட்டியின் அண்ணனும். பாட்டியின் கூட்டலை அழுத்தினால் பெரியத்தை, அப்பா, சித்தப்பாக்கள். ஜாவாவில் ஜேட்ரீ என்ற பெயரில் இந்த மரம் தயாராகவே இருந்தது.

மரத்தை வரைவது சுலபம். அதைச் சேமிப்பதுதான் வேலை. நிரல் ஓடும்போது மனிதர்கள் கணினியின் நினைவகத்தில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கணினியை அணைத்தால் எல்லாரும் போய்விடுவார்கள். அவர்களை அப்படியே வட்டில் எழுதி, மறுநாள் எழுப்பி நிற்க வைப்பதற்குச் சீரியலைசேஷன் என்று பெயர். பலகை வீட்டைப் பிரித்து, ஒவ்வொரு பலகைக்கும் எண் போட்டு, லாரியில் ஏற்றிக்கொண்டு போய் இன்னொரு இடத்தில் எண் பார்த்துக் கட்டுவது போல. தோட்டத்தில் அப்படிப் பிரித்துக் கட்டிய வீடுகளைப் பார்த்தவன் என்பதால் எனக்கு அது சட்டென்று புரிந்தது.

ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. ஓர் ஆளை எழுதச் சொன்னால், அவர் பிடித்திருக்கும் எல்லாரையும் எழுதும். அவர்கள் பிடித்திருப்பவர்களையும் எழுதும். பாட்டியை மட்டும் சேமி என்றால் முழுத் தோட்டமும் லாரியில் ஏறிவிடும். பெயர்கள் மட்டும் இருந்தவரை தொல்லையில்லை. நான் படங்களைச் சேர்த்தேன். பாட்டி பேசுவதைப் பதிவு செய்து குரலையும் சேர்த்தேன். முந்நூறு பேர் ஆனதும் கோப்பைத் திறந்தால் மடிக்கணினி இரைந்துகொண்டே இருக்கும். கடைசியில் நினைவகம் போதவில்லை என்று சொல்லி நின்றுவிடும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பாட்டி கேட்டார்: "என்னய்யா, தூங்கிருச்சா?"

தீர்வு பாட்டியிடமே இருந்தது. கேட்டால் மட்டும் சொல்வது.

ஒவ்வொரு ஆளையும் தனித்தனிக் கோப்பில், ஓர் எண்ணின் பெயரில் சேமித்தேன். பிள்ளைகளைப் பிடித்திருக்கும் கைக்கு முன்னால் 'டிரான்சியன்ட்' என்ற சொல்லைப் போட்டால், ஜாவா அந்தக் கையை எழுதாமல் விட்டுவிடும். அதற்குப் பதில் பிள்ளைகளின் எண்களை மட்டும் எழுதினேன். மரம் திறக்கும்போது உச்சியில் இருப்பவர் மட்டும் வருவார். யாராவது ஒரு கிளையை அழுத்தினால், கிளை விரிவதற்குச் சற்று முன்னால் நிரலுக்குத் தகவல் வரும். அந்த நொடியில் அந்த ஆளின் பிள்ளைகளை மட்டும் வட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தால் போதும். முந்நூறு பேர் உள்ள மரம் இப்போது கண்ணிமைப்பதற்குள் திறந்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பிள்ளைகளை இன்னும் எடுக்கவில்லை என்றால், மரத்துக்கு அந்த ஆள் பிள்ளையில்லாதவர். பிள்ளையில்லாத ஆளுக்குக் கூட்டல் குறி வராது. குறி இல்லையென்றால் யாரும் அழுத்த மாட்டார்கள். அழுத்தாவிட்டால் பிள்ளைகள் வரவே மாட்டார்கள். இதற்கு நிரல் எழுதுபவர்கள் ஒரு சின்னப் பொய் சொல்வார்கள். எல்லார் கீழேயும் ஒரு போலிப் பிள்ளையை வைத்துவிடுவார்கள். அதனால் குறி தெரியும். அழுத்தியதும் போலியை எடுத்துவிட்டு உண்மைப் பிள்ளைகளை வைப்பார்கள். உண்மையிலேயே யாரும் இல்லையென்றால் குறி மறைந்துவிடும்.

அதாவது, அந்தக் கூட்டல் குறிக்கு 'உள்ளே ஆள் இருக்கிறது' என்று பொருளில்லை. 'இன்னும் கேட்கவில்லை' என்றுதான் பொருள்.

நிரலுக்குள் இந்த இரண்டையும் வேறுபடுத்தியே ஆக வேண்டும். கேட்டுப் பார்த்து ஒருவரும் இல்லையென்றால் வெற்றுப் பட்டியல். இன்னும் கேட்கவே இல்லையென்றால் நல், அதாவது பட்டியலே கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். என் பழைய கோப்பில் நான் வேறுபடுத்தவில்லை. பிள்ளைகள் தெரியாத எல்லாருக்கும் வெற்றுப் பட்டியல் போட்டிருந்தேன். புதிய முறைக்கு மாற்றும்போது ஒவ்வொருவராகப் பார்த்து, இது இல்லையா, கேட்கவில்லையா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. நாற்பத்தொரு பேர். அதில் ஒருவர் பாட்டியின் அண்ணன்.

அவரைப் பற்றி வீட்டில் ஒரே வரிதான் உண்டு: "சின்ன வயசுலயே சயாமுக்குப் போயிட்டாரு." ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்குப் போவதென்றால் என்னவென்று கெடாவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்தார்கள். வெள்ளைக்காரன் ஓடிப்போய் ரப்பர் விற்பனை நின்று, மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்த தோட்டங்களிலிருந்து ஆயிரம் ஆயிரமாகத் தமிழர்களை லாரியிலும் ரயிலிலும் ஏற்றினார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலை நான் படிவம் ஐந்தில் படித்திருந்தேன். படித்து முடித்துவிட்டு, அந்த ரயிலுக்கு எங்கள் வீட்டிலிருந்தே ஒருவர் போயிருக்கிறாரே என்று பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. ஒரு வரி தெரியும். அதுவே போதுமென்று இருந்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாட்டி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நான் பட்டியலில் அடையாளம் போடும் அவசரத்தில் இருந்தேன்.

"பாட்டி, ஒங்க அண்ணனுக்குப் பிள்ளைங்க இல்லதானே?"

கை நின்றது. "இல்லன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல."

"அப்பறம்?"

நான் பதில் பேசவில்லை. பாட்டி கீரைத் தட்டைத் தள்ளி வைத்தார். அண்ணனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது என்றார். அவரை ஏற்றிக்கொண்டு போகும்போது பெண்குழந்தைக்கு எட்டு மாதம். அண்ணி பெரட்டுக் களம் வரைக்கும் லாரிக்குப் பின்னாலேயே ஓடினாள். அடுத்த மழைக்குள் மலைக்காய்ச்சலில் அவளும் போய்விட்டாள். மருந்து கிடையாது. அப்போது பாட்டிக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். சொந்தப் பிள்ளை இன்னும் இல்லை.

"அந்தக் கொழந்த?"

பாட்டி என்னைப் பார்த்த பார்வை நினைவிருக்கிறது. இதுகூடத் தெரியாதா என்பது போல இருந்தது. தெரியாதுதான். யாருக்கும் தெரியாது.

"ஒம் பெரியத்ததான்யா."

அன்றிரவே மரத்தைத் திருத்தினேன். கண்டுபிடித்துவிட்ட மிதப்பு எனக்கு. பாட்டியின் அண்ணனைத் திறந்து, அவர் கீழே பெரியத்தையைச் சேர்த்தேன். காலையில் பாட்டிக்குக் காட்ட நிரலைத் திறந்தேன். அண்ணன் பெயருக்கு முன்னால் கூட்டல். அழுத்தினால் பெரியத்தையின் படம். பாட்டி முகத்தைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார். பிறகு விரலால் தன் பெயரைத் தொட்டு, "இதத் தொற" என்றார். திறந்தேன். அப்பா இருந்தார். சித்தப்பாக்கள் இருந்தார்கள்.

"பெரியவ எங்கடா?"

அவரை அங்கிருந்து நான் எடுக்கவில்லை. பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். இந்த மரத்தில் ஒரு கணுவுக்கு ஒரு பெற்றோர்தான். புதிய பெற்றோரின் கீழ் சேர்த்தால், பழைய பெற்றோரிடமிருந்து அது தானாகவே நீங்கிவிடும். எச்சரிக்கை வராது. பிழைச்செய்தியும் வராது.

"இதுல ஒருத்தருக்கு ஒரு எடந்தான் பாட்டி."

"அப்ப ஒம் மரம் சரியில்ல."

பாட்டி எழுந்து போய்விட்டார். சரியில்லை என்பது எவ்வளவு உண்மையென்று அன்று மத்தியானம்தான் புரிந்தது. என் அக்காவைக் கட்டியிருப்பவர் பெரியத்தையின் மகன். 1995இல் கல்யாணம். அப்பாவின் அக்கா மகன், முறைப்பையன், ஊரே வாழ்த்திய முறை. பெரியத்தை பாட்டியின் அண்ணன் மகளென்றால், அவர் அப்பாவுக்கு அக்கா இல்லை, மாமன் மகள். அப்பாவே கட்டியிருக்கக்கூடிய முறை. அப்படியானால் எங்களுக்கு அவர் அத்தை இல்லை, பெரியம்மா. பெரியம்மா மகன் அண்ணன். நான் ஒரே ஒரு கணுவை நகர்த்தியதில் அக்கா தன் அண்ணனைக் கட்டியவளாகிவிட்டாள்.

ரத்தக் கணக்கு இதற்கு நேர்மாறு. பெரியத்தை அப்பாவுடன் பிறந்தவராக இருந்தால் அக்காவும் மச்சானும் நெருங்கிய ரத்தம். அண்ணன் மகளென்றால் இன்னும் ஒரு தலைமுறை தள்ளிப் போகிறது. மருத்துவரிடம் கேட்டால் இதுதான் நல்லது என்பார். முறையைக் கேட்டால் ஆகவே ஆகாது என்று சொல்லும். இரண்டு கணக்கும் இப்படி எதிரெதிராக நின்று நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் பாட்டியிடம் மெதுவாகக் கேட்டேன். "அக்கா கல்யாணத்தப்போ ஒங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியாம இருக்குமா? அதான் சொல்லல."

அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்க எனக்கும் தைரியம் இல்லை. பெரியத்தையைப் பழைய இடத்துக்கே மாற்றிவிட்டு நிரலை மூடினேன். 2010இல் பாட்டி இறந்துவிட்டார்.

கருமாதி முடிந்து சில வாரங்கள் கழித்து மறுபடியும் உட்கார்ந்தேன். கோளாறு மரத்தில் இல்லை; நான் மனிதர்களையே மரத்தின் கணுக்களாக வைத்ததில்தான் என்று அப்போது தெளிந்திருந்தது. மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டும் நம் குடும்பங்களில் கிளைகள் திரும்பி வந்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். அக்காவின் பிள்ளைகளையே பாருங்கள்: அப்பா வழியாக இறங்கினாலும் வருவார்கள், பெரியத்தை வழியாக இறங்கினாலும் வருவார்கள். அதையெல்லாம் கண்டுகொள்ளாமல் நான் அவர்களை அக்காவுக்குக் கீழே மட்டும் போட்டு ஒப்பேற்றியிருந்தேன். இப்போது ஆள் வேறு, கணு வேறு என்று பிரித்தேன். ஆள் தன் கோப்பில் இருப்பார். கணு அவருடைய எண்ணை மட்டும் வைத்திருக்கும். ஒரே எண் எத்தனை இடத்திலும் இருக்கலாம். எங்கே அழுத்தினாலும் அதே ஆள் வருவார். பாட்டிக்குக் கீழேயும் பெரியத்தை, அண்ணனுக்குக் கீழேயும் பெரியத்தை. அதோடு மனிதர் என்ற வரையறையில் ஒரு புதிய இடம் சேர்த்தேன்: வளர்த்தவர்.

அதைச் சேர்த்ததும் ஒரு கோப்பும் திறக்கவில்லை. முந்நூறு பேரும். பாட்டியின் குரல் இருந்த கோப்பும்.

காரணம் இதுதான். ஜாவா ஒருவரை எழுதும்போது 'மனிதர்' என்ற வரையறைக்கும் ஓர் அடையாள எண்ணைக் கணக்கிட்டுக் கோப்பில் எழுதிவைக்கும். அந்த எண்ணை நாமே குறித்துக் கொடுத்திருக்க வேண்டும். நான் கொடுக்கவில்லை. ஒரு புதிய இடத்தைச் சேர்த்ததும் வரையறை மாறி, எண்ணும் மாறிவிட்டது. பழைய மனிதர்களைப் பார்த்து, நீங்கள் யாரென்றே தெரியாது என்றது நிரல். தப்பு முழுக்க என்னுடையது. நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் அந்தப் பிழைச்செய்தியைப் பதறாமல் படித்தால் வழி அதிலேயே இருக்கிறது. கோப்பில் இருக்கும் பழைய எண் இது, இப்போதுள்ள எண் இது என்று இரண்டையும் காட்டும். அந்தப் பழைய எண்ணை நிரலில் எழுதினேன். எல்லாரும் திறந்தார்கள். "மொதக் கதவு கிராணி வூட்டுல சமைக்கிறவன்" என்று பாட்டியின் குரல் வந்தபோது நான் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

திறந்த முந்நூறு பேருக்கும் 'வளர்த்தவர்' என்ற இடத்தில் நல். யாரையும் இன்னும் கேட்கவில்லை.

முதலில் கேட்க வேண்டியவர் யாரென்று எனக்குத் தெரியும். போவதற்குப் பல மாதங்கள் ஆயின. பெரியத்தை சுங்கைப்பட்டாணியில் இளைய மகன் வீட்டில் இருந்தார். எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் மடிக்கணினியைத் திறந்து, பாட்டியின் குரலைப் போட்டேன். மூன்று பதிவுகள் கேட்டார். நான் நான்காவதைப் போடத் தயங்கியது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"சயாம் கததானே? போடு."

"அத்தை..."

"பன்னெண்டு வயசுல ஐசி எடுக்கப் போனேன். பொறந்த சூராவுல அப்பா பேரு வேறயா இருந்துச்சு. கிராணி சத்தம் போட்டுப் படிச்சாரு. தாத்தா என் கையப் புடிச்சிக்கிட்டு நின்னாரு. வெளிய வந்து ஐஸ் கச்சாங் வாங்கிக் குடுத்தாரு. எப்பயும் வாங்கித் தர மாட்டாரு."

"யார்கிட்டயும் நீங்க சொல்லலியா?"

"யாரும் கேக்கல. நானும் சொல்லல."

"பாட்டிக்கு, ஒங்களுக்குத் தெரியும்னு தெரியுமா?"

"அதக் கேக்கலாமா ஒரு பொம்பளகிட்ட?"

ஐம்பத்தாறு வருஷம் இரண்டு பெண்கள் ஒரே சேதியை ஆளுக்கொரு பக்கம் மூடி வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள். நான் அக்கா கல்யாணத்தைப் பற்றிக் கேட்டேன். பெரியத்தை யோசிக்கவே இல்லை.

"எந்த வூட்டுச் சோத்துல வளந்தேனோ அந்த வூட்டு மொறதான் எனக்கு. பொறந்த மொறன்னு பாத்தா எனக்கு யாருமே இல்லயே தம்பி. நீங்கள்லாம் யாரு அப்ப?"

பிறகு அவரே அக்காவையும் மச்சானையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். எங்களுக்கெல்லாம் வயிற்றைக் கலக்கியது. அக்கா கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப பதினஞ்சு வருஷமா அண்ணங்கூடயா சண்ட போட்டுக்கிட்டு இருக்கேன்?" என்றாள். மச்சான்தான் முதலில் சிரித்தார். இதை எழுதலாமா என்று பெரியத்தையிடம் கேட்டபோது, "எழுது, பேரு மட்டும் போடாத" என்றார்.

நிரல் இன்றும் ஓடுகிறது. பாட்டியின் அண்ணன் பெயரை அழுத்தினால் ஒரு மகள் விரிவார். அவருக்குப் படம் கிடையாது. எங்கே புதைத்தார்கள் என்பதும் கிடையாது. ரயில் பாதை இணைந்த அதே 1943 அக்டோபரில் ஜப்பான்காரன் கெடாவையே தூக்கிச் சயாமிடம் கொடுத்தான். சயாமுக்குப் போனவர் திரும்பவில்லை, சயாமே எங்கள் ஊருக்கு வந்தது.

என் கோப்பில் இப்போது 312 பேர். பிள்ளைகள் பட்டியலில் நல் உள்ளவர்கள் இன்னும் 27 பேர். ஆயாக்கொட்டாக் கிழவியின் பிள்ளைகள் அதில் உண்டு. பாட்டியிடம் கேட்க மறந்துவிட்டேன். பழைய தோட்டத்து ஆட்களில், கேட்டால் சொல்லக்கூடியவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவர் குளிமில், ஒருவர் பாலிங்கில், ஒருவர் எங்கள் தாமானிலேயே நான்கு வீடு தள்ளி. நான்கு வீடு தள்ளி இருப்பவருக்குத் தொண்ணூற்றொரு வயது. காலையில்தான் தெளிவாகப் பேசுவார் என்று அவர் மருமகள் சொன்னார். நாளைக் காலை பசியாறியதும் போகிறேன்.